திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு ஒரு டைரக்டரி தளம்: கோடிங் தெரியாமல் போட்டுச் சம்பாதிக்க முடியுமா?

காஜாபட்டன்:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் 7 வருடமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஆர்டர் கைக்கு வந்த நாளிலிருந்து சரக்கு கண்டெய்னர் ஏறும் வரை என் வேலையில் பாதி, கூலிக்கு ஒவ்வொரு வேலையாகச் செய்து தருகிற ஜாப் ஒர்க் யூனிட்டுகளைத் தேடுவதுதான். 30 டயா 24 கேஜ் (மிஷின் விட்டமும் ஊசி நெருக்கமும்) நிட்டிங் யாரிடம் இருக்கிறது, ஓப்பன் விட்த் காம்பாக்டிங் (துணியை விரித்து, பிறகு சுருங்காதபடி அழுத்தித் தருவது) யார் செய்வார்கள், 20 ஹெட் எம்பிராய்டரி மிஷின் இந்த வாரம் யாரிடம் காலி, இன்று ராத்திரி காஜா பட்டன் அடிக்க யார் ஆள் போடுவார்கள் என்று போனும் கையுமாகவே பொழுது போய்விடும்.

போன மாதம் ஒரு ஸ்டைலுக்கு அவசரமாகப் பஃப் பிரிண்ட் (உப்பி நிற்கும் பிரிண்ட்) தேவைப்பட்டது. வழக்கமாகக் கொடுக்கும் யூனிட்டில் இடமில்லை. மேப்பில் பிரிண்டிங் என்று தேடினால் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகமும் ஃபிளெக்ஸ் கடையும்தான் வரிசையாக வந்தன. சரியான ஆள் மாதிரி தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டால், அவர் யூனிட்டை மூடி இரண்டு வருடம் ஆகிறதாம். "தினம் இப்படி நாலு பேர் கூப்பிடுகிறார்கள் தம்பி, அந்த நம்பரை எடுக்கச் சொல்லி யாரிடம் போய்ச் சொல்வது?" என்று என்னையே கேட்டார்.

இந்த அலைச்சலில் சேர்ந்ததுதான் என்னிடம் இருக்கும் எக்செல். 340 யூனிட் இருக்கிறது. இதை ஒரு வெப்சைட்டாகப் போட்டால் என்ன என்று ஆறு மாதமாக மண்டைக்குள் ஓடுகிறது. எனக்கு எக்செல்லில் விலுக்அப் ஃபார்முலா வரைக்கும்தான் தெரியும், கோடிங் சுத்தமாகத் தெரியாது. யூடியூபில் பார்த்தால் ஆளுக்கொரு டூல் சொல்கிறார்கள், எல்லோரும் தூங்கும்போதே பணம் வருகிறது என்கிறார்கள், அதுதான் பயமாக இருக்கிறது. எதில் கட்டுவது, வருமானத்துக்குக் கூகுள் தருகிற ஆட்சென்ஸ் விளம்பரம் போதுமா, யூனிட்காரர்களிடம் காசு கேட்கலாமா, தமிழில் போடுவதா இங்கிலீஷிலா? ஒரு வருடத்துக்கு 15,000 ரூபாய் வரை கைக்காசு போட்டுப் பார்க்கத் தயார். வேலையை விடுகிற எண்ணம் இல்லை.

தாம்பரம்தாண்டி:

நண்பரே, நான் ஒன்றில் தோற்று இன்னொன்றில் கொஞ்சம் சம்பாதிக்கிறவன், அதனால் இரண்டையும் சொல்கிறேன்.

தோற்றது முதலில். ஊர்ப் பெயர் ஒரு காலம் (column), தொழில் பெயர் ஒரு காலம் என்று ஷீட் போட்டு, இரண்டையும் பெருக்கி 4,000 பக்கம் உண்டாக்கினேன். 'குரோம்பேட்டையில் சிறந்த பிளம்பர்', 'பல்லாவரத்தில் சிறந்த பிளம்பர்' என்று ஒரே பத்தியில் ஊர் பெயரை மட்டும் மாற்றி மாற்றி. விவரமெல்லாம் மேப்பிலிருந்து சுரண்டியது, அதுவே அவர்களுடைய விதிக்கு விரோதம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நாலு மாதம் கூட்டம் வந்தது. 2024 மார்ச்சில் கூகுள் தேடலில் பெரிய மாற்றம் செய்து, இப்படி மொத்தமாக உற்பத்தி செய்த பக்கங்களை ஸ்பாம் கணக்கில் சேர்த்தது. நம் கடை அன்றோடு காலி. அதுவரை ஆட்சென்ஸில் சேர்ந்த தொகை 100 டாலரைத் தொடவில்லை, 100 தாண்டினால்தான் அனுப்புவார்கள், ஆக கையில் வந்தது சைபர்.

ஓடுவது எது தெரியுமா, சிரிக்காதீர்கள், செப்டிக் டேங்க் லாரி. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும். மொத்தமே 60 சொச்சம் லாரிதான் தளத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எத்தனை லிட்டர் டேங்க், எத்தனை அடி ஓஸ், குறுகலான தெருவில் நுழையுமா, ஞாயிற்றுக்கிழமை வருவார்களா, உள்ளாட்சி உரிமம் இருக்கிறதா என்று நானே கேட்டு எழுதியது. தொட்டிக்குள் ஆள் இறக்குகிறவர் என்று தெரிந்தால் சேர்ப்பதே இல்லை, 2013 சட்டப்படி அது குற்றம், அதைவிட மனசு ஒப்பாது. டேங்க் நிரம்பி வழிகிறவன் படித்துக்கொண்டு உட்கார மாட்டான், நேரே போன் பண்ணுவான். அந்தப் போன்தான் சரக்கு.

ஆனால் லாரிக்காரரிடம் மாதம் 300 ரூபாய் கேட்டபோது எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: உன்னால் எனக்கு எத்தனை கால் வந்தது, காட்டு. என்னிடம் பதில் இல்லை. பிறகு ஒரு பட்டன் போன் வாங்கி, புது சிம் போட்டு, தளத்தில் அந்த நம்பரை மட்டும் வைத்தேன். கால் வரும், எந்த ஏரியா என்று கேட்பேன், நோட்டில் நேரத்தோடு எழுதிக்கொண்டு லாரிக்காரருக்குத் தள்ளிவிடுவேன். இரண்டு மாதம் குளிக்கப் போகும்போதும் அந்தப் போன் கூடவே வந்தது. மூன்றாவது மாதம் நோட்டைத் தூக்கிக்கொண்டு நேரில் போய்க் காட்டினேன், 11 பேர் பணம் கொடுத்தார்கள். இன்று வரை சோறு போடுவது அந்த நோட்டுதான், தளம் வெறும் போர்டு.

உங்கள் எக்செல்லில் என்னென்ன காலம் இருக்கிறது என்று சொல்லுங்கள். பெயரும் நம்பரும் மட்டும் என்றால் வேண்டாம், அது ஏற்கெனவே ஊரில் கொட்டிக் கிடக்கிறது.

சந்தேகப்பிராணி:

எல்லோரும் டூல் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்று. அந்த எக்செல் உங்களுடையதா, கம்பெனியுடையதா? ஆபீஸ் லேப்டாப்பில், ஆபீஸ் நேரத்தில், ஆபீஸ் ஆர்டருக்காகச் சேர்த்த பட்டியல் என்றால், நாளைக்கு உங்கள் முதலாளி 'என் வெண்டர் லிஸ்ட்டை ஊருக்கே திறந்து வைத்துவிட்டான்' என்று சொன்னால் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்? அதில் ரேட்டும் இருக்கும் என்று நினைக்கிறேன். இருந்தால் விஷயம் இன்னும் மோசம்.

அப்புறம், யூனிட்காரர்களில் பாதிப் பேருடையது சொந்த மொபைல் நம்பர். அவர்களாகவே ஊருக்கு வெளியிட்ட நம்பர் வேறு, உங்களை நம்பித் தனியாகக் கொடுத்த நம்பர் வேறு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023லேயே வந்தாயிற்று. கேட்டுவிட்டுப் போடுங்கள், கேட்ட தேதியைக் குறித்து வையுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது: இதெல்லாம் இப்போதே வாட்ஸ்அப் குரூப்பில் நடக்கிறதே, உங்கள் தளத்துக்கு எதற்கு வருவார்கள்?

காஜாபட்டன்:

சந்தேகப்பிராணி அண்ணா, உண்மையைச் சொன்னால் அந்த முதல் கேள்வியைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. ஆமாம், ரேட் இருக்கிறது, பாதி எங்கள் கம்பெனி பர்ச்சேஸ் ஆர்டரிலிருந்து எடுத்ததுதான். பட்டியலை அப்படியே போடப் போவதில்லை.

வாட்ஸ்அப் குரூப் 14 இருக்கிறது என்னிடம். 'அர்ஜென்ட், ஓவர்லாக் பவர்டேபிள் தேவை' என்று ஒருவர் போடுவார், அதற்கு மேல் பத்து குட்மார்னிங் பூ விழும், சாயங்காலம் தேடினால் கிடைக்காது. அதனால்தான் வேறு வழி யோசிக்கிறேன்.

தாம்பரம் அண்ணா, காலங்கள் கேட்டீர்களே: நிட்டிங் என்றால் டயா, கேஜ், சிங்கிள் ஜெர்சியா ரிப்பா இன்டர்லாக்கா. டையிங் என்றால் குறைந்தபட்ச லாட் எத்தனை கிலோ, சாம்பிளுக்குச் சின்ன லாட் போடுவார்களா, சாயக் கழிவுநீருக்குச் சொந்த சுத்திகரிப்பா பொதுச் சுத்திகரிப்பு நிலையமா. காம்பாக்டிங் ட்யூபுலரா ஓப்பன் விட்தா. அப்புறம் கோட்ஸ் (ஆர்கானிக் துணிக்கான சான்றிதழ்), ஓகோ-டெக்ஸ் (கெட்ட ரசாயனம் இல்லை என்கிற சான்றிதழ்) இருக்கிறதா என்று.

பிளகின்பித்தன்:

இந்தக் கடைசிப் பத்தியைப் படித்த பிறகுதான் எழுதலாம் என்று தோன்றியது. தம்பி, உங்களிடம் இருப்பது டைரக்டரி இல்லை, ஃபில்டர். கூகுள் மேப்பால் '30 டயா, 24 கேஜ், இன்டர்லாக்' என்று வடிகட்ட முடியாது. அந்தக் காலங்களுக்காகத்தான் ஆள் வருவான், எந்த டூலில் கட்டினாய் என்று ஒருவரும் கேட்கப் போவதில்லை.

கோட்ஸ் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், என் மச்சான் அந்தப் பக்கம் வேலை பார்ப்பதால் தெரியும். ஆர்கானிக் ஆர்டர் எடுக்கிற கம்பெனி, வெளியே கொடுக்கிற டையிங், பிரிண்டிங் எல்லாமே அந்தச் சான்றிதழ் வளையத்துக்குள் இருந்தாக வேண்டும். 'இருக்கிறது' என்று ஒரு டிக் போட்டு விடாதீர்கள். சான்றிதழுக்குக் காலாவதி உண்டு, அந்தத் தேதியைக் காலமாக வையுங்கள், கோட்ஸ் அமைப்பின் பொதுத் தளத்திலேயே பெயர் போட்டுச் சரிபார்க்கலாம். டையிங்கில் நீங்கள் கேட்கிற சுத்திகரிப்பு விவரமும் அதே மாதிரிதான். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் ஹைகோர்ட் உத்தரவு வந்து சாயப்பட்டறைகள் மொத்தமாக நின்றதை அந்த ஊரில் யார் மறந்தார்கள்? வெளிநாட்டு பையர் இன்றும் முதலில் கேட்பது அதைத்தான்.

சரி, டூல். இரண்டே வழிதான். ஐம்பது மெர்ச்சண்டைசர்கள் போனில் திறந்து பார்த்தால் போதும் என்றால் கூகுள் ஷீட்டை, அதையே ஆப்பாகக் காட்டும் கிளைடில் மாட்டுங்கள், அல்லது ஷீட் மாதிரியே இருக்கிற ஏர்டேபிளில் ஏற்றி, அதைத் தளமாக்கித் தரும் சாஃப்டரில் காட்டுங்கள். ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். ஏர்டேபிள் இலவசத் திட்டத்தில் ஒரு பேஸுக்கு 1,000 வரிசை, உங்களுக்கு அது தாராளம். இந்த வழியைக் கேவலமாக நினைக்க வேண்டாம். நோமேட் லிஸ்ட் என்று ஊர் ஊராகச் சுற்றி வேலை பார்ப்பவர்களுக்கான தளம் ஒன்று இருக்கிறது, பீட்டர் லெவல்ஸ் 2014ல் அதைத் தொடங்கியபோது யார் வேண்டுமானாலும் நிரப்பலாம் என்று திறந்துவிட்ட ஒரு ஷீட்தான் அது.

கூகுளில் தேடி வருகிறவர்களும் வேண்டும் என்றால் வேர்ட்பிரஸ். ஹைவ்பிரஸ், டைரக்டரிஸ்ட், ஜியோடைரக்டரி என்ற டைரக்டரி பிளகின் மூன்றுக்குமே இலவச அடிப்படைப் பதிப்பு இருக்கிறது. ஒன்றை எடுத்து, அதில் உங்கள் காலங்களைக் கஸ்டம் ஃபீல்டாகப் போட்டு, எக்செல்லை சிஎஸ்வி ஃபைலாக்கி ஏற்ற வேண்டியதுதான். கோடிங் வேண்டாம், ஆனால் பொறுமை வேண்டும், முதல் தடவை ஏற்றும்போது போன் நம்பரெல்லாம் 9.8E+09 மாதிரி மாறி நிற்கலாம், எக்செல்லில் அந்தக் காலத்தை டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு ஏற்றுங்கள். நான் இதற்காக ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து 800 நம்பர் கையால் திருத்தியவன். ஹோஸ்டிங்கில் முதல் வருட விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள், புதுப்பிக்கும்போது இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள். அதையும் சேர்த்துப் பார்த்தாலும் உங்கள் 15,000க்குள் அடங்கும், தீம் தீமாக வாங்கிக் குவிக்காமல் இருந்தால்.

மொழி: பக்கம் தமிழில், மிஷின் பெயர்களும் தலைப்பும் இரண்டிலும். பையிங் ஆபீஸ்காரன் இங்கிலீஷில் தேடுவான், மங்கலம் ரோட்டு யூனிட்காரர் தன் பக்கத்தைத் தமிழில்தான் படித்துச் சரிபார்ப்பார்.

ஆட்சென்ஸ் தமிழ்ப் பக்கங்களுக்கு 2018லிருந்தே கிடைக்கிறது, ஆனால் உங்களுக்கு வேண்டாம். மாதம் 2,000 பேர் வருகிற தளத்தில் அது டீக்காசு. அந்த 2,000 பேர் யார் என்று பாருங்கள்: பனியன் தொழில்காரர்கள் மட்டும். ஊசி, மிஷின் ஆயில், பிரிண்டிங் இங்க், ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற கடைக்காரர் தேடி அலைவது இவர்களைத்தான். யூனிட்டை இலவசமாகப் போடுங்கள், அந்தக் கடைக்காரரிடம் பேனருக்குப் பணம் வாங்குங்கள், மேலே 'விளம்பரம்' என்று எழுதிவிடுங்கள். பணம் கொடுத்தவனைச் சத்தமில்லாமல் முதல் வரிசையில் ஏற்றுகிற வேலை மட்டும் கூடாது, மெர்ச்சண்டைசர் ஒருமுறை அப்படிப் போய் மாட்டினால் திரும்ப வர மாட்டார்.

வசூலுக்கு ஆரம்பத்திலேயே பேமெண்ட் கேட்வே தேவையில்லை. ரேசர்பே மாதிரி வைத்தால் 2 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் போகும். பத்து பேர் வரைக்கும் யூபிஐ கியூஆரே போதும். சேவைத் தொழிலுக்கு வருடம் 20 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம், அந்தக் கவலை வருகிற நாள் நல்ல நாள்.

பிரிண்டிங்டேபிள்:

நான் யூனிட் பக்கத்து ஆள். எல்லோரும் எங்களை வைத்துத்தான் பேசுகிறீர்கள், அதனால் ஒரு வார்த்தை.

பெரிய தளம் ஒன்றில் வருடச் சந்தா கட்டிப் பெயர் போட்டேன், பெயர் வேண்டாம். ஒரு நாளைக்கு ஆறு கால். 'அண்ணா, பையனுக்குப் பிறந்தநாள், பத்து டீசர்ட்டில் போட்டோ அடிக்கணும்.' ஒரு ஸ்கிரீன் எக்ஸ்போஸ் பண்ணி, கலர் மேட்ச் பண்ணி, ஸ்ட்ரைக் ஆஃப் (மாதிரிப் பிரிண்ட்) எடுத்துக் காட்டவே அரை நாள் போய்விடும், பத்து பீஸுக்கு எப்படிக் கட்டும்? எனக்குக் குறைந்தது 500 பீஸ். அதை எங்கேயும் போட அவர்கள் இடமே வைக்கவில்லை. அடுத்த வருடம் கட்டவில்லை, அதற்கும் அவர்களிடமிருந்து தினம் போன்.

அதனால் தம்பி, குறைந்தபட்ச அளவை முதல் வரியில் போடுங்கள். அது ஒன்று இருந்தாலே உங்கள் தளம் எனக்குப் பிடித்துவிடும்.

காசு கொடுப்பேனா என்றால், பெயர் போடுவதற்குக் கொடுக்க மாட்டேன், ஊரில் என்னைத் தெரியும். ஆனால் ஒன்றுக்குக் கொடுப்பேன். எனக்கு வருடத்தில் சில வாரம் மிஷின் சும்மா நிற்கும். துணி டையிங்கில் மாட்டிக்கொண்டு கட்டிங் தள்ளிப்போகும், நாங்கள் ஆளுக்குக் கூலி கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்போம். அதே வாரம் நாலு தெரு தள்ளி ஒருவர் பிரிண்டிங்குக்கு இடமில்லை என்று அலைவார். இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. 'இந்த வியாழன் வரை காலி' என்று நான் போனிலிருந்தே ஒரு தட்டு தட்டினால் அது மேலே தெரிய வேண்டும், வியாழன் தாண்டினால் தானாக மறைய வேண்டும். அப்படி ஒன்று இருந்தால் மாதம் 500 யோசிக்காமல் கொடுப்பேன். ஒரு நாள் மிஷின் நிற்பதற்கு அது எம்மாத்திரம்.

பணம் இழுத்தடிக்கிற கம்பெனிகளின் பட்டியலையும் போடச் சொல்லிக் கேட்பார்கள், நானே கேட்பேன். போட்டுவிடாதீர்கள், வக்கீல் நோட்டீஸ் வரும்.

தாம்பரம்தாண்டி:

பிரிண்டிங் அண்ணன் சொன்னதுதான் உங்கள் பட்டன் போன். காலி விவரத்தை முதல் மூன்று மாதம் நீங்களே போன் போட்டுக் கேட்டு ஷீட்டில் ஏற்றுங்கள், தானாக மறைகிற வித்தையெல்லாம் பிறகு. தேதிக் காலத்தை வைத்து ஒரு ஃபில்டர் போட்டாலே பழையது மறைந்துவிடும், அதற்குக் கோடிங் எதற்கு.

காஜாபட்டன்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், ஷிப்மெண்ட் நேரம்.

பழைய எக்செல்லை ஆபீஸ் லேப்டாப்பிலேயே விட்டுவிட்டேன். முதலாளியிடமும் சொல்லிவிட்டேன், ரேட் போட மாட்டேன், நம் ஆர்டர் விவரம் எதுவும் வராது என்றேன். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, 'முடித்துவிட்டு எனக்கும் ஒரு லிங்க் அனுப்பு' என்றார். எழுத்தில் ஒரு மெயிலும் வாங்கிக்கொண்டேன்.

சொந்த போனிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டேன். 62 பேர் சரி என்றார்கள், 4 பேர் வேண்டாம் என்றார்கள், 9 நம்பர் செத்துப்போனவை. வீரபாண்டிப் பக்கம் ஒரு காம்பாக்டிங் அண்ணன், 'இது எந்தச் சங்கம்ப்பா, சந்தா எவ்வளவு?' என்று கேட்டுவிட்டு, இலவசம் என்றதும் சந்தேகப்பட்டு போனை வைத்துவிட்டார். மறுநாள் அவரே கூப்பிட்டு ஓப்பன் விட்த் மிஷின் புதிதாகப் போட்டிருப்பதையும் சேர்க்கச் சொன்னார்.

இப்போதைக்குக் கூகுள் ஷீட்டும் கிளைடும்தான். ஒவ்வொரு யூனிட்டுக்குக் கீழேயும் 'கடைசியாகப் பேசிய தேதி' என்று ஒரு காலம் வைத்தேன், சந்தேகப்பிராணி அண்ணாவுக்குப் பயந்து வைத்தது. ஆனால் பார்த்த மெர்ச்சண்டைசர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான். 23 பேர் உபயோகிக்கிறார்கள். வருமானம் இதுவரை ஒரு ரூபாய்கூட இல்லை, ஊசிக்கடைக்காரர் ஒருவர் மட்டும் 'பொங்கல் கழியட்டும்' என்று சொல்லியிருக்கிறார். வேர்ட்பிரஸ் 150 யூனிட் தாண்டிய பிறகு.

சந்தேகப்பிராணி:

மெயில் வாங்கினீர்களே, அது போதும். கிளைடில் உள்ளே இருக்கிற ஷீட்டை 'லிங்க் உள்ள எவரும் திருத்தலாம்' என்று விட்டுவைக்கவில்லையே?

காஜாபட்டன்:

விட்டுத்தான் வைத்திருந்தேன் அண்ணா. இப்போதுதான் மாற்றினேன்.

பிரிண்டிங்டேபிள்:

சரி தம்பி, 63 ஆவதாக என்னைப் போடுங்கள். 8 கலர் ஆட்டோ மிஷின் ஒன்று, டேபிள் இரண்டு. பிளாஸ்டிசால், பஃப், டிஸ்சார்ஜ், ஃபாயில். குறைந்தது 500 பீஸ், பிறந்தநாள் டீசர்ட் கிடையாது என்று அப்படியே எழுதுங்கள். சனிக்கிழமை வரை காலி. நம்பர் உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன், அந்தப் பஃப் பிரிண்ட் ஸ்டைல் ரிப்பீட் வந்தால் கூப்பிடுங்கள்.